விளிம்பை வெட்டாதீர்கள்: பழைய வரைபடங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியின் பழைய வரைபடங்களைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு உதகை, குன்னூர், கூடலூர் பகுதிகளிலிருந்தும் பழனி மலை ஊர்களிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படங்களின் விலையை மதிப்பிடச் சொல்லிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அந்த வேலையை நான் செய்வதில்லை.

கேள்வி (குன்னூர்): எங்கள் பகுதியில் விடுதிச் சுவர்களிலும் காப்பிக் கடைச் சுவர்களிலும் இப்போதெல்லாம் பழைய வரைபடங்களாகவே தொங்குகின்றன. இது வெறும் அலங்கார மோகம்தானே, ஐயா?

அலங்கார மோகமும் இருக்கிறது. ஆனால் அதை நான் இகழ மாட்டேன். காப்பி ஆறிப்போவதையும் மறந்து சுவர்ப் படத்தில் தம் ஊரைத் தேடிக்கொண்டு நின்றவர்தான் அடுத்த மாதம் எனக்குக் கடிதம் எழுதுகிறார்.

ஆர்வம் பெருகியதற்கு முதற் காரணம், படங்கள் கைக்கு எட்டத் தொடங்கியிருப்பதுதான். மேடு பள்ளம், ஓடை, சாலை, ஊர் எல்லாவற்றையும் காட்டுவதும் டோப்போ ஷீட் என்று எல்லாரும் சொல்வதுமான இடவிளக்கப் படத்தாளை வாங்குவது ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. என்ன காரணத்துக்காக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசையும் பொதுமக்களுக்கு ஒரு வரிசையுமாகப் படத்தாள்களைப் பிரித்தது. 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை, தன் 250ஆம் ஆண்டான 2017இல் பொதுமக்களுக்கான தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தது. 2021 பிப்ரவரியில் வந்த மைய அரசின் நெறிமுறைகள், முன் அனுமதி இல்லாமலே வரைபடங்களை உருவாக்கவும் வெளியிடவும் இந்தியர்களுக்கு இடமளித்தன. இதற்கிடையில் வெளிநாட்டு நூலகங்களும் தம்மிடமிருந்த பழைய இந்தியப் படங்களைத் துல்லியமாகப் படியெடுத்துப் பொதுவில் வைத்துவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலுள்ள டேவிட் ரம்சி தொகுப்பு அவற்றில் பெரியது.

இன்னொரு காரணம் நம் மலைக்கே உரியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள், தாத்தா பிறந்த தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, இலங்கை நில அளவைத் துறையின் ஓரங்குலப் படங்களில் (ஒரு மைலை ஓரங்குலமாகச் சுருக்கியவை) அட்டன், நுவரெலியா பக்கத்து டிவிஷன்களை, அதாவது தோட்டப் பிரிவுகளைத் தேடுகிறார்கள். இந்த வகைக் கடிதங்கள் மட்டும் எனக்குப் பதினொன்று வந்துள்ளன. அவற்றில் ஒன்றுகூடச் சுவரை அழகுபடுத்துவதற்காக எழுதப்பட்டதில்லை.

கேள்வி (கோத்தகிரி, கல்லூரி மாணவி): நீலகிரியின் முதல் வரைபடம் எது? அதை வரைந்தவர் யார்?

மலையைப் பார்த்தவர்கள் வேறு, மலையை அளந்தவர்கள் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 1603இல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மேற்குக் கரையிலிருந்து மேலேறி வந்து தோடர்களைச் சந்தித்து, கண்டதை எழுதி வைத்தார். அவர் அளவெடுக்க வந்தவரல்லர். அதன் பின் இரண்டு நூற்றாண்டுகள் ஐரோப்பியர் வரைந்த இந்தியப் படங்களில் நம் மலை பெரும்பாலும் பெயரில்லாத மேடாகவோ வெற்றிடமாகவோதான் கிடந்தது. 1752இல் இந்தியப் படம் வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் டான்வில், தமக்குத் தெரியாத இடத்தைக் கற்பனை யானைகளாலும் மரங்களாலும் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டார். நான் அவரை மதிப்பதற்கு அது ஒன்றே போதும்.

அளவை 1812இல் தொடங்குகிறது. கோயம்புத்தூர்க் கலெக்டர் கேரோவின் ஆணைப்படி, உதவி நில அளவர் வில்லியம் கீஸும் மக்மகோன் என்ற பயிலுநரும் மலையேறி, ஊர்களைக் கணக்கெடுத்து, ஒரு படமும் அறிக்கையும் அளித்தார்கள். பின்னர் 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இளம் அதிகாரிகள் தண்ணாயக்கன் கோட்டைப் பக்கமிருந்து தேனாடு வழியாக ஏறினார்கள். 1819இல் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தார். பள்ளிப் பாடம் பெரும்பாலும் சல்லிவனிலிருந்துதான் தொடங்குகிறது. கீஸின் பெயர் அதில் இல்லாமற்போனதில் எனக்கு நெடுநாளாக மனக்குறை உண்டு. அன்றைய உதவி நில அளவர்களில் பலர், 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இளவயதிலேயே சேர்ந்து சங்கிலியும் திசைகாட்டியும் பழகியவர்கள். அந்தப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

மலை முழுவதையும் முறையாக அளந்தவர் பி. எஸ். வார்டு என்ற ராணுவ அதிகாரி. திருவிதாங்கூர், கொச்சி அளவையைக் கானர் என்ற சக அதிகாரியுடன் சேர்ந்து முடித்துவிட்டு 1821–22இல் நீலகிரிக்கு வந்தார். 1821 மே மாதம் பழனி மலைவாழ் மக்களான குன்னுவரின் வெள்ளகவி ஊரிலிருந்து ஏறி இன்றைய கொடைக்கானல் மேட்டை அடைந்தவரும் அவரேயாதலால், நீலகிரி வாசகர்களும் பழனி மலை வாசகர்களும் ஒருவரையே தங்கள் முதல் பெரிய அளவையாளராகக் கொண்டாடலாம். அடுத்த பெரிய படமும் குறிப்பும் 1847இல் கேப்டன் ஊச்சர்லோனியுடையவை. கூடலூர்க்காரர்கள் ‘ஓவேலி’ என்று சுருக்கிச் சொல்வது அவர் குடும்பப் பெயரைத்தான்.

கீஸுக்கும் வார்டுக்கும் சுமை தூக்கியவர்களும், வழி காட்டியவர்களும், ‘இந்த மேட்டின் பெயர் என்ன’ என்ற கேள்விக்கு விடை சொன்னவர்களும் படுகரும் தோடரும் கோத்தரும் குன்னுவரும்தான். படத்தில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. அவர்கள் சொன்ன ஊர்ப்பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

தண்ணாயக்கன் கோட்டையைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கோட்டை 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீருக்குள் போய்விட்டது. பழைய படத்தில் மலைவழியின் அடிவாரமாகத் தெரியும் இடத்தில் இன்று நீர்தான் நிற்கும்.

கேள்வி (கொடைக்கானல், தங்கும் விடுதி நடத்துபவர்): ஏலத்தில் ஒரு பழைய கொடைக்கானல் படம் கிடைத்தது. படத்துக்கு மரச்சட்டம் போட்டவர் ஓரங்களை வெட்டிவிட்டதால் ஆண்டு தெரியவில்லை. ஏரி இருக்கிறது; ‘மதுரை ஜில்லா’ என்றிருக்கிறது; வானாய்வுக் கூடம் இல்லை. காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் அந்தச் சட்டக்காரரிடம் இனி எதையும் கொடுக்காதீர்கள். படத்தின் உயிர் விளிம்பில்தான் இருக்கிறது. தாள் எண், எந்தெந்த ஆண்டுகளில் அளந்தார்கள், எந்த ஆண்டில் அச்சிட்டார்கள், எத்தனையாவது பதிப்பு, காந்த முள் எவ்வளவு விலகி நிற்கிறது, பக்கத்துத் தாள்கள் எவை என்பவை எல்லாம் அங்கேதான் அச்சாகியிருக்கும். புதிதாக ஒரு படம் என் கைக்கு வந்தால், நடுப்பகுதியை ஒரு தாளால் மூடிவிட்டு விளிம்பை மட்டும் கால் மணி நேரம் படிப்பேன். நடுவைப் பார்த்துவிட்டால் மனம் ஊரைத் தேடி ஓடிவிடும்.

விளிம்பு போய்விட்டபடியால் உள்ளிருக்கும் சான்றுகளைப் பார்ப்போம். கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியால் உருவானது. ஆகவே அந்த ஆண்டுக்கு முன் அளந்த படத்தில் அந்த இடத்தில் ஓடையும் சதுப்பும்தான் இருக்க முடியும். வானாய்வுக் கூடம் 1899இல் வந்தது. மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985இல்தான் என்பதால், ‘மதுரை ஜில்லா’ என்ற குறிப்பு உங்களுக்கு அதிகம் உதவாது. இவற்றைக் கொண்டு 1863க்கும் 1899க்கும் இடைப்பட்டது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் சற்றே நிதானிக்க வேண்டும். ஒரு பொருள் படத்தில் இருப்பது வலுவான சான்று. இல்லாமலிருப்பது அவ்வளவு வலுவானதன்று. அங்குலத்துக்கு நான்கு மைல் என்ற அளவில் வரைந்தவர், ஒரு குன்றின் மேலிருக்கும் கட்டடத்தை இடமில்லை என்று விட்டிருக்கலாம். மேட்டுநிலத்துக்கு ஏறும் வழியைக் கவனியுங்கள். பெரியகுளம் பக்கமிருந்து கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வழியாக ஏறும் நடைபாதை மட்டும் இருக்கிறதா, கிழக்கே வத்தலகுண்டுப் பக்கமிருந்து பண்ணைக்காடு, பெருமாள்மலை வழியாக வளைந்து வரும் மலைச்சாலையும் இருக்கிறதா என்று பாருங்கள். மலைச்சாலை முழுமையாகத் தெரிந்தால் உங்கள் படம் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

நீலகிரிப் படம் வைத்திருப்பவர்களும் இதே முறையைக் கையாளலாம். உதகை ஏரியைச் சல்லிவன் 1823இல் தொடங்கினார். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் வந்தது. வெலிங்டன் என்ற பெயருக்கு முன் அந்த இடம் ஜக்கதளா என்றே படங்களில் இருந்தது. பைக்காரா மின்நிலையம் 1932இல் வந்தது. எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்கள் 1960களின் குந்தா மின்திட்டத்தால் பிறந்தவை. அவை இல்லாத படத்தில் புல்வெளிக்கு நடுவே ஓடைகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். உதகை ஏரியின் வடிவமும் நல்ல சாட்சி. இன்று குதிரைப் பந்தயத் திடல் இருக்கும் தாழ்நிலம் வரை பழைய படத்தில் நீர் நீண்டிருப்பதைக் காணலாம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. அச்சிட்ட ஆண்டும் அளந்த ஆண்டும் ஒன்றல்ல. மறுபதிப்பின்போது புதிய ரயில் பாதையை மட்டும் சேர்த்துவிட்டு, காடு, வயல், ஊர் எல்லாவற்றையும் முப்பது ஆண்டுக்கு முந்தைய அளவைப்படியே விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. ரயிலைப் பார்த்துக் காட்டின் வயதைச் சொல்லிவிடக் கூடாது.

கேள்வி (செண்பகனூர்): கொடைக்கானல் டோப்போ ஷீட் வாங்கினேன். அதில் எங்கள் ஊரே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை, கோடு விழுந்த இடம் அப்படி. பழைய வரிசையில் ஒவ்வொரு தாளும் பதினைந்து கலை அட்சரேகையும் பதினைந்து கலை தீர்க்கரேகையும் கொண்ட சதுரம் (ஒரு பாகையில் அறுபது கலை, ஒரு கலையில் அறுபது விகலை). ஏரி இருக்கும் தாள் 58 எஃப்/8. ஏரிக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் 77 பாகை 30 கலைக் கோடு போகிறது. அதைத் தாண்டினால் 58 எஃப்/12. வடக்கே இரண்டு கிலோமீட்டருக்குள் இன்னொரு கோடு வந்து, எஃப்/7, எஃப்/11 என்று தாள் மாறிவிடும். ஆகக் கொடைக்கானலை முழுதாகப் பார்க்க நான்கு தாள்களை ஒட்ட வேண்டும். உதகைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை சற்றே குறைவு: உதகை 58 ஏ/11, குன்னூர் 58 ஏ/15.

கேள்வி (உதகை, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்): பத்தொன்பதாம் நூற்றாண்டின் அட்லஸ் தாள் ஒன்றில் என் சொந்த ஊரின் அட்ச, தீர்க்கரேகைகளைக் கணக்கிட்டுக் கைப்பேசியில் இட்டேன். அது ஊருக்குக் கிழக்கே நாலரைக் கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. அளந்தவர்கள் இவ்வளவு தவறு செய்தார்களா?

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது. தாங்கள் கண்டுபிடித்தது தவறுதான். ஆனால் அது தங்கள் ஊரில் நேர்ந்த தவறன்று, சென்னையில் நேர்ந்தது.

தென்னிந்திய அளவைக்கு வேர் சென்னை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்தில் முக்கோணங்களுக்கு முதற் பக்கமாகும் அடிக்கோட்டை ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக உள்நாட்டுக்கு நகர்ந்தார். கோணங்களை அளக்க அவர் கொண்டுசென்ற தியோடலைட் என்ற பெரிய கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதி நசுங்க, அவரே பல வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார் என்பது அந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் கதை. இப்படி அளந்ததால் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரமும் கோணமும் மிகத் துல்லியமாக அமைந்தன.

ஆனால் அந்த வலை முழுவதையும் உலக உருண்டையின் மேல் பொருத்த ஓர் ஆணி தேவை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வுக் கூடம் கிரீனிச்சுக்கு எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்பதே அந்த ஆணி. தீர்க்கரேகை என்பது நேர வேறுபாடுதான். இரண்டு இடங்களின் கடிகாரங்களை ஒப்பிட முடிந்தால் விடை கிடைத்துவிடும். தந்தி இல்லாத காலத்தில் சந்திரனின் நகர்வையும் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தையும் பார்த்துத்தான் அதைக் கணித்தார்கள். அப்படிக் கிடைத்த 80 பாகை 17 கலை 21 விகலை என்ற மதிப்பை வைத்தே படங்கள் அச்சாயின. பின்னாளில் தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது 80 பாகை 14 கலை 54 விகலை என்று வந்தது. வேறுபாடு 2 கலை 27 விகலை. நேரத்தில் சொன்னால் பத்து நொடிக்கும் குறைவு. நம் அட்சரேகையில் அது தரையில் ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர். ஆகவே பழைய படங்களில் தங்கள் ஊர் மட்டுமன்று, அளக்கப்பட்ட இந்தியா முழுவதுமே ஒரே அளவு கிழக்கே தள்ளி அமர்ந்திருக்கிறது. தீர்க்கரேகையிலிருந்து 2 கலை 27 விகலையைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பு, பிற்காலப் பதிப்புகள் பலவற்றின் விளிம்பிலேயே அச்சாகியிருக்கிறது. கழித்துப் பாருங்கள், எஞ்சும் சிறு விலகல், பூமியின் வடிவத்துக்கு அன்று கொண்ட கணக்கும் இன்றைய ஜி.பி.எஸ். கொள்ளும் கணக்கும் வேறுபடுவதால் வருவது.

கொடைக்கானல் வாசகர்களுக்கு இதில் ஓர் உறவு உண்டு. அந்தச் சென்னை வானாய்வுக் கூடத்தின் பணிதான் 1899இல் உங்கள் மலைக்கு இடம்பெயர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கும் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. சென்னை போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி (பண்ணைக்காடு): பக்கத்துத் தோட்டத்தாருடன் எல்லைத் தகராறு. தாத்தா காலத்து ஓரங்குலப் படத்தில் எங்கள் பக்கம்தான் கோடு போகிறது. நீதிமன்றத்தில் காட்டலாமா?

உங்கள் தகராறு எத்தனை அடிக்கு? அங்குலத்துக்கு ஒரு மைல் என்றால் 63,360 மடங்கு சுருக்கம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடு தரையில் முப்பது மீட்டருக்கும் மேல் அகலமாகும். உங்கள் இருவருடைய வேலியும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அரசு வெளியிட்ட படத்துக்குச் சாட்சியச் சட்டத்தில் மதிப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது அங்கே என்ன இருந்தது என்பதைத்தான் சொல்லும். நிலம் யாருடையது என்பதைச் சொல்லாது. உங்களுக்கு வேண்டியது சங்கிலி, லிங்க்ஸ் (சங்கிலியில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் பக்க அளவுகள் எழுதியிருக்கும் புலப்படமும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ‘அ’ பதிவேடும். அவற்றைத் தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவையிலேயே பார்க்கலாம். பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள், தாத்தாவின் படத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு.

கேள்வி (மஞ்சூர்): பழைய படங்களில் எங்கள் ஊர்ப்பெயர்கள் எல்லாம் சிதைந்து கிடக்கின்றன. அவற்றால் என்ன பயன்?

சிதைவிலும் செய்தி இருக்கிறது. உதகையின் பெயர் 1821இல் சென்னை இதழொன்றில் வெளியான கடிதத்தில் ‘வோட்டோக்கிமண்ட்’ என்று வந்தது. காதில் விழுந்ததை எழுதியவர் அவர். பின்னால் வந்தவர்கள் அதை நாகரிகப்படுத்தினார்கள். முதலில் எழுதியவரின் எழுத்துக்கூட்டல் அவர் கேட்ட ஒலிக்கு நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயரின் வாலையும் பாருங்கள். ‘மந்து’ என்றால் தோடர் குடியிருப்பு, ‘ஹட்டி’ என்றால் படுகர் ஊர், ‘பெட்டா’ என்றால் மலை. நகரம் பரவி மூடிவிட்ட இடத்தில் பழைய படம் ‘மந்து’ என்று முடியும் பெயரைக் காட்டினால், அங்கே எருமைகள் மேய்ந்த புல்வெளி இருந்தது என்று பொருள்.

அதேசமயம், அச்சில் இருப்பதையெல்லாம் நம்பவும் கூடாது. கொடைக்கானல் பக்கத்துப் பேரிஜத்தைப் பழைய படங்கள் ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ (ஹாமில்டன் கோட்டை) என்கின்றன. 1860களில் பழனி மலையைப் பற்றி அறிக்கை எழுதிய ராணுவ அதிகாரி ஹாமில்டனின் பெயர் அது. அங்கே கோட்டை எழும்பவே இல்லை. கோட்டைச் சுவரைத் தேடிப் போய் அட்டைக்கடி வாங்கித் திரும்பிய இருவரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நானே.

ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு டிரேசிங் பேப்பரைப் படத்தின் மேல் விரித்து, ஓடைக்கும் மேட்டுக்கும் அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சூரைச் சுற்றி எந்தப் பதிப்பிலும் அச்சாகாத பெயர்கள் நிறைய இருக்கும்.

கேள்வி (கூடலூர்): வாங்கும்போது போலியை எப்படி அடையாளம் காண்பது?

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படத்தில் கோடுகள் கூர்மையாக, தாளின் மேல் சற்றே மேடிட்டிருக்கும். ஓரத்தில் தகடு அழுந்திய தடம் தெரியும். கல்லச்சில் அந்தத் தடம் இருக்காது. லென்ஸின் கீழ் வண்ணப் புள்ளிகள் ஒழுங்காக வரிசைகட்டி நின்றால் அது இன்றைய அச்சு. அது படியாகவே விற்கப்பட்டால் குற்றமில்லை, மூலம் என்று சொன்னால்தான் குற்றம். தாளைப் பழையதாக்கத் தேயிலைத் தண்ணீரில் தோய்ப்பது உலகெங்கும் உள்ள தந்திரம். தேயிலை நாட்டில் இருக்கும் நம்மிடமே அதைக் கொண்டு வந்து விற்கிறார்கள்! உண்மையான பழுப்பு ஓரத்தில் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருக்கும். தேயிலைக் கறை எங்கும் ஒரே சீராகவோ, குட்டை குட்டையாகவோ இருக்கும்.

அட்லஸிலிருந்து கிழித்த தாள்களை நான் வாங்குவதில்லை. ஒரு தாளை வாங்கினால் அடுத்த அட்லஸைக் கிழிக்கக் கூலி கொடுத்ததாகிவிடும். மேலும், பழம்பொருள்களையும் பழைய ஆவணங்களையும் உரிமமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் முதலில் சட்டம் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி (கேத்தி, பள்ளி ஆசிரியை): நம் ஊர் ஈரத்தில் படங்களை எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். குன்னூர்த் தாள் ஒன்றின் மடிப்புக் கிழிசலை இளவயதில் நான் செலோடேப்பால் ஒட்டினேன். டேப் உதிர்ந்து விழுந்தபின் அதன் பசை மட்டும் மஞ்சள் பட்டையாக ஆற்றின் குறுக்கே தங்கிவிட்டது. மடிக்காமல் விரித்து, அமிலமற்ற தாள்களுக்கு இடையில், தரையிலிருந்து உயர்ந்த தட்டையான இழுப்பறையில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். ஜூன் முதல் அந்தச் சுவர் வியர்க்கும். பூஞ்சணம் படிந்தால் துடைக்காதீர்கள். காய்ந்த நாளில் நிழலில் காற்றாட விட்டு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். இராமபாணப் பூச்சிக்கு வசம்பை வைக்கலாம், தாளில் படாமல். நீலகிரித் தைலத்தைத் தெளிக்கச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணெய்க் கறை போகவே போகாது, வேண்டாம்.

கேள்வி (தாண்டிக்குடி): பணமில்லாமல் இந்த ஆர்வத்தைத் தொடங்க முடியுமா?

முடியும். உங்கள் ஊர் இருக்கும் ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தாள், 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு வெளியிட்ட 2,50,000 மடங்குச் சுருக்கப் படம், கிடைத்தால் ஒரு பழைய ஓரங்குலத் தாள் என்று மூன்றையும் பக்கம் பக்கமாக வையுங்கள். அமெரிக்கப் படம் டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூலத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் பகுதியின் கல்திட்டைகளைப் படத்தில் தேடுவதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி (கிளாவரை): பழைய படத்தில் கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு வரை சாலை தெளிவாக இருக்கிறது. அதில் நடந்து போக நண்பர்களுடன் திட்டமிட்டுள்ளோம். வழி இன்னும் இருக்கிறதா?

தரையில் தடம் இருக்கிறது. போக உரிமை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தப்பிச் செல்லும் வழியாகக் கருதிச் செப்பனிடப்பட்ட அந்தச் சாலை 1990இல் மூடப்பட்டுவிட்டது. காடு பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. பேரிஜம் ஏரி வரை போவதற்கே கொடைக்கானலில் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள். படத்தை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நகலை எடுத்துச் செல்லுங்கள். பேரிஜத்தில் மதியத்துக்கு மேல் மழைக்குப் பஞ்சமில்லை.